கல்லே, உன் ஊர் எது?

உங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தில், அலமாரியின் மேல் தட்டில், ஒரு மரப்பெட்டி இருக்கக்கூடும். அட்டைத் தடுப்புகளால் அது சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு கல். சில கற்களின்மேல் வெள்ளைச் சாயத்தால் பொட்டு வைத்து, அதன்மேல் கறுப்பு மையால் எண் எழுதியிருப்பார்கள். பெட்டியின் மூடியில் ஒட்டப்பட்டிருந்த பட்டியலை இராமபாணப் பூச்சி பாதிக்குமேல் தின்றிருக்கும்.

அந்தப் பெட்டியிலிருந்து பளபளப்பான ஒரு கல்லை எடுத்து ஆசிரியரிடம் காட்டுகிறீர்கள். "இது குவார்ட்ஸ்" என்கிறார். பெயர் தெரிந்துவிட்டது. "எந்த ஊர்க் கல், ஐயா?" என்று அடுத்துக் கேட்டுப் பாருங்கள். அவர் சற்றுத் தயங்குவார். பெட்டி அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே அங்கே இருந்திருக்கும்.

புதிதாக ஒருவரைச் சந்தித்தால் முதலில் பெயரைக் கேட்கிறோம். அடுத்த மூச்சில் ஊரைக் கேட்கிறோம். கல்லிடமும் இதே இரண்டு கேள்விகள் உண்டு. முதற் கேள்விக்கு விடை காண்பது பெரும்பாலும் எளிது. இரண்டாவது கேள்வி அறிஞர்களையே திணறச் செய்வது. பழைய கனிம மாதிரிகளின் பிறப்பிடத்தை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம்.

ஊர் தெரியாவிட்டால் என்ன நட்டம்?

குவார்ட்ஸ் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். சேலத்தில் எடுத்தாலும் பிரேசிலில் எடுத்தாலும் அதன் வேதியியல் வாய்பாடு ஒன்றே, கடினத்தன்மை ஒன்றே, ஒப்படர்த்தி ஒன்றே. ஆகவே ஒரு கனிமத்தின் பெயரைச் சொல்லும் சோதனைகள் அதன் ஊரைச் சொல்வதில்லை.

ஊர் தெரிந்துதான் ஆக வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கோலார் தங்க வயலை எண்ணிப் பாருங்கள். அங்கே 1880-களில் தொடங்கிய நவீனச் சுரங்கப்பணி 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை சென்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பல்லாயிரம் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அடிச்சுரங்கங்களில் நீர் நிரம்பிவிட்டது. "கோலார், இன்ன சுரங்கம், இத்தனையாவது தளம்" என்று எழுதிய சீட்டோடு ஒரு மாதிரிக்கல் எங்கேனும் இருந்தால், இனி எவரும் இறங்கிச் செல்ல முடியாத ஓர் ஆழத்தின் பாறையைப் பற்றி அது பேசும். அதே கல்லின் சீட்டுத் தொலைந்துபோனால்? பொன் துகள் ஒட்டிய ஒரு குவார்ட்ஸ் துண்டு. அவ்வளவுதான்.

நார்வே நாட்டின் காங்ஸ்பர்க் வெள்ளிச் சுரங்கங்களும் அப்படியே. 1623-இல் கண்டறியப்பட்டு, 1950-களின் இறுதியில் மூடப்பட்டவை அவை. முறுக்கிய கம்பிபோல் வளர்ந்த இயற்கை வெள்ளிக்குப் பெயர் போனவை. இன்று அந்த வெள்ளியை ஆராய விரும்புவோர் அருங்காட்சியகப் பெட்டிகளைத்தான் நாட வேண்டும்.

இதைவிட ஆபத்தானது தவறான ஊர்ப்பெயர். சீட்டில்லாத கல் ஒன்றும் சொல்லாமல் இருக்கும். தவறான சீட்டுள்ள கல்லோ பொய் சொல்லும். "இன்ன மலையில் இன்ன கனிமம் கிடைக்கிறது" என்று ஒரு நூலில் ஏறிவிட்டால், அதை நம்பி அடுத்த நூல் எழுதப்படும். அந்த மலையின் தோற்றம் பற்றிய கொள்கையே தடம் மாறும். ஊர்ப்பெயரை ஆராய்வோர் துப்பறிவாளரைப்போல் நடந்துகொள்வது இதனால்தான்.

ஒரு கல்லறைக் கல்லின் கதை

நம் ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். கல்கத்தா நகருக்கு அடிகோலியவர் என்று சொல்லப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக் 1693-ஆம் ஆண்டு ஜனவரியில் இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் அந்நகரின் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. இலத்தீன் மொழியில் எழுத்துகள் பொறித்த கரிய கல் ஒன்று அதில் பதிக்கப்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ 200 ஆண்டுகள் அக்கல்லை யாரும் பொருட்படுத்தவில்லை. 1893-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அதன் பாறையை ஆராய்ந்து எழுதினார். கல்கத்தா நின்றிருப்பது கங்கை கொண்டுவந்து குவித்த வண்டல் மண்ணின்மேல். அங்கே தோண்டினால் களிமண்ணும் மணலும் வருமேயன்றிப் பாறை வராது. அப்படியானால் இந்தக் கல் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். எங்கிருந்து?

பாறையை அடையாளம் காணும் வழி இது. அதில் ஒரு சில்லை எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்திற்குத் தேய்ப்பார்கள். அந்த மெல்லிய சீவலின் வழியே ஒளி ஊடுருவும். அதை உருப்பெருக்கியில், ஒருதளப்படுத்திய ஒளியில் பார்த்தால் ஒவ்வொரு கனிமமும் தன் இயல்பைக் காட்டிவிடும். சார்னக்கின் கல்லில் இருந்தவை குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், இரும்புத் தாது, இவற்றோடு ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம். சீவலைச் சுழற்றும்போது ஹைபர்ஸ்தீன் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறும். (இன்றைய வகைப்பாட்டில் அப்பெயர் தனிக் கனிமத்திற்கு வழங்குவதில்லை; ஆர்த்தோபைராக்சீன் குடும்பத்தில் அதை அடக்கிவிட்டார்கள்.) சாதாரணக் கிரானைட்டில் இக்கனிமம் இராது.

இதே சேர்க்கை கொண்ட பாறை சென்னையை அடுத்த பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இருப்பதை ஹாலந்து அறிந்திருந்தார். அப்பாறைக்குச் சார்னக்கின் நினைவாகச் சார்னக்கைட் என்று பெயரிட்டார். இன்று அண்டார்க்டிகா வரை உலகின் பல பகுதிகளில் அறியப்பட்டுள்ள பாறைவகைக்கு, ஒரு கல்லறை வழியாக வாய்த்த பெயர் இது. பரங்கிமலைப் பகுதியின் சார்னக்கைட் இப்போது தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். சார்னக்கைட் சென்னையில் மட்டும் கிடைப்பதன்று. நீலகிரியில் உண்டு, சேர்வராயன் மலையில் உண்டு. பிறகு எப்படிச் சென்னையைச் சுட்டுவது? இங்கே வரலாறு துணைக்கு வருகிறது. அக்காலத்தில் கம்பெனியின் கோட்டை சென்னைக் கடற்கரையில் இருந்தது. அங்கிருந்து வங்காளத்திற்குக் கப்பல்கள் ஓடின. பரங்கிமலையோ கோட்டையிலிருந்து மாட்டுவண்டித் தொலைவில் இருக்கிறது. நீலகிரியிலிருந்து ஒரு கல்லறைக் கல்லை இறக்கிக் கொண்டுவர அன்று எவருக்கும் தேவையில்லை. "தென்னிந்தியா" என்ற அளவில் கல் சாட்சி சொன்னது. "சென்னை" என்று மனிதரின் வரலாறு அதை நிறைவு செய்தது. பிறப்பிட ஆராய்ச்சி பெரும்பாலும் இந்த இரு சாட்சிகளையும் சேர்த்தே நடக்கிறது.

காகிதம் சொல்லும் சாட்சி

முதற் சாட்சி காகிதம். கல்லோடு இருக்கும் சீட்டு, கல்லின்மேல் உள்ள எண், பதிவேடு, கடிதம், விலைப்பட்டியல் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு பழைய கல்லோடு மூன்று நான்கு சீட்டுகள் மடித்து வைக்கப்பட்டிருப்பதுண்டு. கல் கைமாறும்போதெல்லாம் புதிய உடைமையாளர் தம் சீட்டையும் சேர்த்து வைப்பார். அச்சீட்டுகளை வரிசைப்படுத்தினால் கல்லின் பயணம் தெரியும். எடுத்துக்காட்டாக, ஜெர்மனியின் க்ரான்ட்ஸ் என்ற புகழ்பெற்ற கனிம விற்பனை நிலையம் 1833-இல் ஃப்ரைபர்க் நகரில் தொடங்கியது. 1837-இல் பெர்லினுக்கு மாறியது. 1850-இல் பான் நகருக்குச் சென்றது. சீட்டில் நிலையத்தின் பெயரோடு "பெர்லின்" என்று அச்சிட்டிருந்தால், 1837-க்கும் 1850-க்கும் இடையில் அச்சானது என்று கணக்கிடலாம். தேதியே எழுதாத சீட்டும் தேதி சொல்லிவிடுகிறது, பார்த்தீர்களா!

நாடுகளின் பெயரும் அப்படியே உதவும். "சிலோன்" என்ற பெயர் 1972-இல் "ஸ்ரீலங்கா" என்று மாறியது. "ஸ்ரீலங்கா" என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டு அதற்கு முந்தியதாக இருக்க வாய்ப்பில்லை. கனிமத்தின் பெயரும் காலம் காட்டும். டான்சனைட் என்ற நீல மணிக்கல் டான்சானியாவில் 1967-இல்தான் கண்டறியப்பட்டது. 1930-ஆம் ஆண்டுச் சீட்டோடு ஒரு டான்சனைட் கல் உங்கள் கைக்கு வந்தால், சீட்டும் கல்லும் வேறு வேறு பெட்டியிலிருந்து வந்தவை என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் பழைய ஊர்ப்பெயர்கள் நம்மை ஏமாற்றவும் செய்யும். "மதராஸ்" என்று மட்டும் எழுதிய சீட்டைப் பார்த்துச் சென்னை நகரம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அன்றைய மதராஸ் மாகாணத்தில் இன்றைய ஆந்திரம், கேரளம், கர்நாடகம், ஒடிசா ஆகியவற்றின் பகுதிகளும் இருந்தன. "கர்நாடிக்" என்ற சொல் இதைவிடக் குழப்பமானது. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு அது இன்றைய கர்நாடக மாநிலம் அன்று. ஆற்காட்டு நவாபின் ஆட்சியில் இருந்த நம் கிழக்குக் கரைப் பகுதியைத்தான் அவர்கள் அப்படி அழைத்தார்கள்.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு குருந்தக்கல். வைரத்திற்கு அடுத்த கடினமுடைய கனிமம் அது. செந்நிறமானால் மாணிக்கம், நீலமானால் நீலக்கல். அதற்கு உலகம் முழுவதும் வழங்கும் "கொரண்டம்" என்ற பெயரே நம் "குருந்தம்" என்ற சொல்லிலிருந்து போனதுதான். லண்டனில் வாழ்ந்த சார்லஸ் கிரெவில் என்பவர் இந்தியாவிலிருந்து குருந்தக் கற்களை வரவழைத்துச் சேர்த்தார். 1798-இல் அவைபற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். 1802-இல் பூர்னோன் பிரபு அக்கற்களை விரிவாக ஆராய்ந்தார். அவர் செய்த நல்ல காரியம், படிகத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடாமல், அதில் ஒட்டியிருந்த தாய்ப்பாறையையும் துருவிப் பார்த்ததுதான். "கர்நாடிக்" குருந்தத்தைச் சூழ்ந்திருந்த வெண்ணிறக் கனிமத்திற்குப் பின்னர் "இந்தியனைட்" என்று பெயர் வந்தது. அது அனார்த்தைட் என்ற ஃபெல்ஸ்பார் வகையே என்பது இன்று தெரியும்.

அனார்த்தைட் நிறைந்த பாறையில் குருந்தம் பதிந்திருக்கும் இத்தகைய சேர்க்கை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் காணப்படுகிறது. நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்திருப்பதால், சந்திரயான் சோதனைகளுக்காக நிலவு மண்ணைப் போன்ற பொடி செய்ய எடுத்துச் செல்லப்பட்டதும் இவ்வூர்ப் பாறைதான். கிரெவிலின் சேகரிப்பு 1810-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திற்கு விலைக்கு வாங்கப்பட்டது. "கர்நாடிக்" என்ற ஒற்றைச் சொல்லை இன்றைய வரைபடத்தோடு நேரே பொருத்திப் பார்த்திருந்தால், தேடுவோர் பெங்களூர்ப் பக்கம் அலைந்திருப்பார்கள்.

கல் சொல்லும் சாட்சி

சீட்டே இல்லை, எண்ணும் அழிந்துவிட்டது. இப்போது கல்லையே கேட்க வேண்டியதுதான்.

முதலில் படிகத்தின் வடிவம். ஒரே கனிமம் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வடிவில் வளரும். ஃபுளூரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வட இங்கிலாந்தின் சுரங்கங்களில் அது கனசதுரமாக, ஒன்றையொன்று ஊடுருவிய இரட்டைப் படிகங்களாகக் கிடைக்கும். ஆல்ப்ஸ் மலைப் பிளவுகளிலோ இளஞ்சிவப்பு நிறத்தில், எண்முகியாக வளரும். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே கனிமம் என்று நம்பவே மாட்டீர்கள்.

இரண்டாவது, உடன்கனிமங்கள். "உன் நண்பனைச் சொல், உன்னைச் சொல்கிறேன்" என்பார்களே, அது கற்களுக்கும் பொருந்தும். கரிய எரிமலைப் பாறையின் குழியில் வெண்மையான ஸ்டில்பைட்டும், அதன்மேல் பச்சை அல்லது நிறமற்ற அபோஃபிலைட்டும் அமர்ந்திருந்தால், புனே, நாசிக், ஜல்காவ் பக்கத்துத் தக்காணப் பாறை நினைவுக்கு வரவேண்டும். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பில் வாயுக்குமிழிகள் விட்டுச் சென்ற பொந்துகளில் வளர்ந்தவை இவை. ஆயினும் அவசரம் கூடாது. ஐஸ்லாந்திலும் எரிமலைப் பாறையில் ஸ்டில்பைட் கிடைக்கிறது. ஆகவே படிகங்களின் அளவு, நிறம், சேர்க்கை எல்லாவற்றையும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வரவேண்டும்.

மூன்றாவது, ஒளிர்தல். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்து ஃபிராங்ளின் சுரங்கக் கல்லை இருட்டறையில் வைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், வில்லமைட் பச்சையாகவும் கால்சைட் செந்நிறமாகவும் ஒளிவிடும். கூடவே கரிய ஃபிராங்ளினைட்டும் சிவந்த சின்கைட்டும் இருந்தால், அந்தக் கல் தன் ஊரைத் தானே சொல்லிவிட்டது எனலாம். ஃபிராங்ளினும் அதன் பக்கத்து ஸ்டெர்லிங் ஹில்லும் தவிர வேறெங்கும் இந்த நால்வரும் இவ்வளவு தாராளமாகக் கூடுவதில்லை.

நான்காவது, உட்பொதிவுகள். படிகம் வளரும்போது தன்னைச் சூழ்ந்த திரவத்தின் துளிகளை உள்ளே சிறைப்பிடித்துக்கொள்ளும். கொலம்பியா நாட்டு மரகதத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் சிறு குழிக்குள் உப்புநீர், அதில் ஒரு வாயுக்குமிழி, ஓர் உப்புப் படிகம் ஆகிய மூன்றும் தெரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஓடிய வெந்நீரின் ஒரு துளி அது!

இவற்றோடு இன்று கருவிகளும் சேர்ந்துள்ளன. எக்ஸ் கதிரை ஏவிக் கல்லில் நூறாயிரத்தில் சில பங்கே உள்ள தனிமங்களையும் அளக்கிறார்கள். கல்லைத் தொடாமலே அதன் கனிமத்தை அறியப் பயன்படுவது ராமன் விளைவு. 1928-இல் சர் சி.வி. ராமன் கண்டறிந்த அதே விளைவுதான். ராமன் அவர்களே கற்களின்மேல் தீராத காதல் கொண்டவர். அவர் திரட்டிய கனிமங்களும் மணிக்கற்களும் பெங்களூரில் அவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகத்தில் இன்றும் உள்ளன.

மரகதங்களின் பயணம்

கருவிகள் எவ்வளவு தூரம் சென்றுள்ளன என்பதற்கு ஒரு கதை. ஹைதராபாத் நிஜாமின் கருவூலத்தில் பெயர்பெற்ற மரகதங்கள் இருந்தன. வணிகர்கள் அத்தகைய கற்களைப் "பழஞ்சுரங்கக் கற்கள்" என்பார்கள். ஆசியாவில் எங்கோ மறைந்துபோன ஒரு பழைய சுரங்கத்திலிருந்து வந்தவை என்பது நம்பிக்கை.

மரகதத்தில் ஆக்சிஜன் உண்டு. இயற்கை ஆக்சிஜன் அணுக்களில் பெரும்பாலானவற்றின் நிறையெண் 16. ஏறத்தாழ 500-க்கு ஒன்று 18 நிறையெண் கொண்ட கனத்த அணு. இவ்விரண்டின் விகிதம் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மரகதம் எந்தப் பாறையில், எந்தத் திரவத்திலிருந்து விளைந்ததோ அதைப் பொறுத்துச் சிறிது கூடும், சிறிது குறையும். இந்தச் சிறு வேறுபாட்டை அயனிக் கற்றை கொண்டு அளக்கலாம். கற்றை பட்ட இடத்தில் விழும் குழி, கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அரிய நகையையும் பழுதின்றி ஆராய இதனால் முடிகிறது.

பிரான்ஸ் நாட்டின் காஸ்டன் ஜூலியானியும் அவருடைய குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் இம்முறையில் பழம்பெரும் மரகதங்களை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். ரோமானியர் காலத்துத் தோடு ஒன்றில் இருந்த மரகதம், இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கைச் சுட்டியது. சுவாத்தில் மரகதம் இருப்பது நம் காலத்தில் 1958-இல்தான் தெரியவந்தது. ஆனால் ரோமானிய வணிகருக்கு அக்கற்கள் முன்பே எட்டியிருக்கின்றன! நிஜாமின் கற்களில் ஒன்று ஆப்கானிஸ்தானத்துப் பஞ்ச்ஷீர்ப் பகுதிக்குப் பொருந்தியது. ஆராய்ந்த மற்றவையோ கொலம்பியாவைக் காட்டின. மறைந்துபோன ஆசியச் சுரங்கம் என்று எண்ணியவை, தென் அமெரிக்காவில் தோண்டப்பட்டு, ஸ்பானியக் கப்பல்களில் ஏறிக் கடல்கடந்து இந்திய அரண்மனைக்கு வந்தவை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வெவ்வேறு சுரங்கங்கள் ஒரே விகிதத்தைக் காட்டுவதுண்டு. அப்போது உட்பொதிவுகளையும் பிற தனிமங்களையும் பார்த்தே பிரித்தறிய வேண்டும். எந்த ஒற்றைச் சோதனையும் தனியாக நின்று தீர்ப்பு வழங்குவதில்லை.

பொய் சொன்ன சீட்டுகள்

சீட்டு தொலைவது விபத்து. சீட்டே பொய்யானால்?

இங்கிலாந்தில் ஆர்தர் கிங்ஸ்பரி என்ற கனிமச் சேகரிப்பாளர் இருந்தார். 1968-இல் மறைந்தார். பிரிட்டனில் அதுவரை அறியப்படாத பல கனிமங்களை இன்ன இன்ன இடங்களில் கண்டெடுத்ததாக அவர் அறிவித்தார். அறிஞர் உலகமும் ஏற்றுக்கொண்டது. அவருடைய சேகரிப்பு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஆண்டுகள் பல சென்றபின் ஐயம் எழுந்தது. அவர் குறித்த இடங்களில் மற்றவர்கள் எவ்வளவு தேடியும் அக்கனிமங்கள் அகப்படவில்லை. 1990-களின் இறுதியில் அருங்காட்சியகத்தாரும் பிறரும் மாதிரிகளை ஒவ்வொன்றாக மறு ஆய்வு செய்தார்கள். பல கற்கள், வேறு இடங்களிலிருந்து வந்த பழைய மாதிரிகளோடு பொருந்தின. எங்கோ கிடைத்த கற்களுக்குப் பொய்யான ஊர் சூட்டப்பட்டிருந்தது.

விளைவு என்ன தெரியுமா? அவர் உண்மையாகவே கண்டெடுத்த கற்களும் ஐயத்திற்கு உள்ளாயின. பல நூல்களில் ஏறிவிட்ட செய்திகளை மற்றவர்கள் உட்கார்ந்து களைய வேண்டியதாயிற்று. ஒருவர் எழுதிய சில வரிகளைச் சரிசெய்யப் பலருடைய பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

இவ்வளவு பெரிய பொய் வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்த ஊகமே போதும். "சேலத்துக் கல் போலிருக்கிறதே" என்று ஒருவர் பென்சிலால் "சேலம்?" என்று எழுதுவார். அடுத்தவர் சீட்டைப் புதுப்பிக்கும்போது கேள்விக்குறியை விட்டுவிடுவார். மூன்றாமவர் அதை அச்சிடுவார். ஊகம் உண்மையாகிவிட்டது! இவ்வகையில் பிறந்த தவறான ஊர்கள் சேகரிப்புகளில் நிறையவே இருக்கும்.

உங்கள் பெட்டியைத் திறவுங்கள்

மீண்டும் உங்கள் மரப்பெட்டிக்கு வருவோம். ஆசிரியரின் அனுமதியோடு நீங்களும் நண்பர்களும் சேர்ந்து அதன் வரலாற்றை மீட்க முயலலாம். சில விதிகளை மட்டும் மறவாதீர்கள்.

முதலாவதாக, கற்களைக் கழுவாதீர்கள். இந்துப்பு நீரில் கரைந்துவிடும். ஒட்டியிருக்கும் மண்ணும் தாய்ப்பாறைத் துணுக்கும் சாட்சிகள். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். அமிலத் துளி விடும் சோதனையையும் பழைய மாதிரிகளில் செய்யாதீர்கள்.

இரண்டாவதாக, எந்தச் சீட்டையும் எறியாதீர்கள். கிழிந்ததாயினும், தவறென்று தெரிந்ததாயினும் சரி, ஓர் உறையிலிட்டுக் கல்லோடு வையுங்கள். தவறான சீட்டும் கல் எந்த வழியாக வந்தது என்று காட்டும். பைரைட் இருக்கும் அறையில் மட்டும் காகிதத்தைத் தள்ளி வையுங்கள். ஈரக்காற்றில் பைரைட் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகும், சீட்டு கருகிப்போகும்.

மூன்றாவதாக, பள்ளியின் இருப்புப் பதிவேட்டைத் தேடுங்கள். "கனிமப் பெட்டி 1" என்று ஒரு வரி, வாங்கிய ஆண்டு, விற்ற நிலையத்தின் பெயர் அதில் இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற பழைய அறிவியல் ஆசிரியர் உங்கள் ஊரிலேயே இருந்தால் அவரைப் போய்ப் பாருங்கள். "அந்தக் கருப்புக் கல்லா? சுற்றுலா போனபோது நான்தான் ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்தேன்" என்று அவர் சொல்லக்கூடும். எந்தக் கருவியும் தரமுடியாத சாட்சி அது. அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவதாக, கண்டதை ஒரு பத்தியிலும் கருதுவதை வேறொரு பத்தியிலும் எழுதுங்கள். "வெண்ணிறம், கண்ணாடியைக் கீறுகிறது" என்பது கண்டது. "உள்ளூர்க் கல்லாக இருக்கலாம்" என்பது கருதுவது. இரண்டும் கலந்துவிடக் கூடாது. விடை கிடைக்காத கல்லுக்கு "ஊர் தெரியவில்லை" என்று தயங்காமல் எழுதுங்கள். அதில் வெட்கம் ஏதுமில்லை; அடுத்து வருபவர் தேடலைத் தொடங்குவதற்கு நீங்கள் திறந்து வைத்த கதவு அது.

சென்னைக்குப் போக வாய்த்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புவியியல் கூடத்தில் உங்கள் கற்களின் உறவினர்களைப் பாருங்கள். 1851-இல் அந்த அருங்காட்சியகம் தொடங்கியபோது அதன் முதற் செல்வமாக இருந்தவை சிலைகளோ செப்புத் திருமேனிகளோ அல்ல. 1,100 புவியியல் மாதிரிகள்தாம்.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை ஆற்றங்கரையிலோ குன்றின் அடியிலோ அழகான கல் ஒன்றைப் பொறுக்கினால், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடிவிடாதீர்கள். அங்கேயே நின்று, ஒரு துண்டுக் காகிதத்தில் ஊர், இடம், தேதி, உங்கள் பெயர் நான்கையும் எழுதிக் கல்லோடு சேர்த்துச் சுற்றுங்கள். அரை நிமிட வேலை. அயனிக் கற்றையும் எக்ஸ் கதிரும் கொண்டு அறிஞர்கள் இவ்வளவு பாடுபடுவதெல்லாம், அன்று யாரோ செய்யாமல் விட்ட இந்த அரை நிமிட வேலைக்காகத்தான்.